வினா கேட்கும் மன்றம்

மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரு மன்றம் தன் கடமையைச் செம்மையாகச் செய்கின்றதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இயற்றிய சட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பார் சிலர். கூடிய நாட்களைக் கொண்டு அளப்பார் சிலர். அங்கே எழும் கூச்சலைக் கேட்டு, "இதற்குத்தானா நாம் வாக்களித்தோம்?" என்று கைவிரிப்பார் பலர். நான் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, நம் மக்களவையின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று அளந்து பார்க்க விரும்புகின்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறும் குடிமையியலும் கற்பித்தவன் நான். "பாராளுமன்றத்தின் பணிகள் யாவை?" என்னும் வினா தேர்வுத் தாளில் ஆண்டு தவறாமல் வரும். சட்டம் இயற்றுதல், பணம் ஒதுக்குதல், ஆட்சியாளரைக் கண்காணித்தல் என்று மூன்று விடைகளைப் பாடநூல் கூறும். மாணவர்கள் முதலிரண்டையும் அழகாக எழுதுவார்கள். மூன்றாவதற்கு வரும்போது நேரம் தீர்ந்துவிடும் போலும். "முதலியன" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த "முதலியன" என்பதைப் பற்றியதே இப்பேச்சு.

சட்டத்தின் வாசகத்தை அமைச்சரும் அவருடைய செயலாளர்களும் வரைந்து கொண்டுவருகின்றனர். வரவு செலவுத் திட்டமும் அவ்வாறே வருகின்றது. பெரும்பான்மைக் கட்சி கை தூக்கினால் இரண்டும் நிறைவேறிவிடும். ஆனால் ஆட்சியாளர் செய்த ஒரு காரியத்தைக் குறித்து, "இதை ஏன் செய்தீர்? யாரைக் கேட்டுச் செய்தீர்? எவ்வளவு செலவாயிற்று?" என்று எழுந்து நின்று கேட்பது இருக்கின்றதே, அதனை உறுப்பினரையன்றி வேறு எவரும் செய்ய இயலாது. அமைச்சரவை தனக்குத் தானே அதனைச் செய்து கொள்ளாது.

இந்த வினா கேட்கும் உரிமை நமக்கு ஒரே நாளில் வந்ததன்று. 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலில் சட்டசபை அங்கத்தினர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம் என்று இசைந்தது. கேட்டவர் விடையைப் பெற்றுக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டியதுதான். 1909-இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் வந்தபோது, கேட்டவரே மேலும் ஒரு துணைவினா எழுப்பலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் எந்த உறுப்பினரும் துணைவினா கேட்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இது சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். முதல் வினாவிற்கு விடையை மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்துவிடலாம். அதை ஒட்டி எழும் இரண்டாம் வினாதான் பையனுக்குப் பாடம் புரிந்ததா என்பதைக் காட்டும். அமைச்சருக்கும் அப்படியே. முதல் வினாவின் விடை அலுவலகத்தில் தட்டச்சாகி வருவது. துணைவினாவின் விடை அவருடைய நாவிலிருந்து வரவேண்டும்.

இக்கலையில் வல்லவராய் விளங்கியவர் நம் நாட்டவரான தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமையில் திருமயத்தில் 1887-இல் பிறந்தவர். காமராசரின் அரசியல் ஆசான் என்று நாடறிந்தவர். 1923 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபையிலும், 1935 முதல் தில்லியில் மத்திய சட்டசபையிலும் இருந்தார். அக்காலத்து மத்திய சட்டசபைக்கு அரசாங்கத்தை மாற்றும் அதிகாரம் சிறிதும் இல்லை. நிதி மசோதாவைச் சபை தள்ளிவிட்டாலும், வைசிராய் தமது தனியதிகாரத்தால் அதனைச் சட்டமாக்கிவிடுவார். அவ்வாண்டுகளில் அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. அங்கே சத்தியமூர்த்தி கையிலெடுத்த கருவி கேள்வி. ஒரு விடையின் வாலைப் பிடித்து அடுத்த வினா, அதன் வாலைப் பிடித்து மற்றொன்று என்று அவர் எழுப்பிய துணைவினாக்களுக்கு ஆங்கிலேய அதிகாரிகள் அஞ்சினர். அவர்களைப் பதவியிலிருந்து இறக்க அவரால் முடியவில்லை. ஆனால் நாட்டின் முன்னிலையில் விடை சொல்ல வைக்க முடிந்தது. மறுநாள் செய்தித்தாளில் அது அச்சாகும். திருச்சியிலும் திருநெல்வேலியிலும் மக்கள் படிப்பார்கள்.

நாடு விடுதலை பெற்றது. சத்தியமூர்த்தி அதைக் காணாமலே 1943-இல் மறைந்தார். புதிய அரசியலமைப்பின்படி அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்புடையதாயிற்று. அப்போது ஒரு புதிய சிக்கல் தோன்றியது. அயலார் ஆட்சியைக் கேள்வி கேட்டுப் பழகியவர்களே இப்போது ஆட்சியாளர்களாக அமர்ந்திருந்தார்கள். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 489 இடங்களுள் 364 காங்கிரசுக்குக் கிடைத்தன. அடுத்து வந்த கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கிடைத்தவை பதினாறே. 1957-இல் 494-இல் 371. எந்த வாக்கெடுப்பிலும் அரசாங்கம் தோற்கும் என்று அஞ்ச இடமில்லை. இத்தகைய அவையில் கண்காணிப்பு எப்படி நடக்கும்? எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லாதபோது கேள்வியை யார் கேட்பார்?

இதற்கு விடை கூறுமுன், 1951-இல் இடைக்காலப் பாராளுமன்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். எச். ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாய்த் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்தாரிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவர்களுக்குச் சாதகமாக அவையில் வினாக்கள் எழுப்பியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் ஆளுங்கட்சியினர். பிரதமர் நேருவே எழுந்து, இதனை ஆராய அவையின் குழு ஒன்று வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். குழு குற்றம் உண்டென்று கண்டது. அவை வெளியேற்றும் முன் முட்கல் தாமே விலகிக்கொண்டார். அந்தக் குழுவின் தலைவராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாராளுமன்றத்தில் கேட்கப்படும் வினா எத்துணைத் தூய்மையானதாக இருக்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறிய அப்பெரியவர், ஆறாண்டுகளுக்குப் பின் ஒரு வினாவினால் பதவி இழந்தார்.

அந்த வரலாறு ஆயுள் காப்பீட்டிலிருந்து தொடங்குகின்றது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி என்னும் காங்கிரஸ் உறுப்பினர், தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளில் மக்கள் செலுத்தும் பணத்தைச் செல்வர்கள் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிக்கொள்வதை ஆதாரங்களோடு மக்களவையில் எடுத்துரைத்தார். இவர் நேருவின் மருமகன். இந்திரா காந்தியின் கணவர். அதுவரை அவையில் அதிகம் பேசாதிருந்தவர். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ஆம் நாள் இரவு, நிதியமைச்சர் சிந்தாமண் தேஷ்முக் வானொலியில் தோன்றி, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்று நாட்டுக்கு அறிவித்தார். 245 நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷன் பிறந்தது.

என் தந்தையார் அக்காலத்தில் ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு தனியார் கம்பெனியில் சிறிய பாலிசி எடுத்திருந்தார். பிரீமியம் கட்டும் மாதத்தில் வீட்டில் எண்ணெய்ச் செலவைக் குறைத்துவிடுவார்கள் என்று என் அன்னையார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். கார்ப்பரேஷன் ஏற்பட்டதும், "இனி நம் பணத்துக்கு நாடே ஜாமீன்" என்று தந்தையார் மகிழ்ந்தாராம். கார்ப்பரேஷனின் கோடிகள் இத்தகைய சில்லறைகள் சேர்ந்து திரண்டவை. இதனை மனத்திற்கொண்டு மேலே நடந்ததைக் கேட்க வேண்டும்.

1957 ஜூன் மாதத்தில் கார்ப்பரேஷன், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரிடமிருந்து, அவருடைய ஆதிக்கத்தில் இருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது கடன்பட்டுத் தத்தளித்துக்கொண்டிருந்தவர். பணத்தை எங்கே முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை கூறுவதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு குழு இருந்தது. அக்குழுவைக் கேட்கவில்லை. பங்குச்சந்தையில் வாங்காமல் நேரே அவரிடமே வாங்கினார்கள். சில பங்குகளுக்குச் சந்தை விலையினும் மிகுதியாகக் கொடுத்தார்கள். செய்தி மெல்லக் கசிந்தது.

செப்டம்பர் 4-ஆம் நாள் மக்களவையில் வினா எழுந்தது. கேட்டவர் பீகாரைச் சேர்ந்த ராம் சுபக் சிங். அவரும் ஆளுங்கட்சிக்காரரே. விடை தெளிவாக இல்லை. துணைவினாக்கள் எழுந்தன, அப்போதும் தெளிவில்லை. நவம்பரில் மீண்டும் கேட்டார்கள். பங்குகள் வாங்கியது உண்மை என்பது வெளிப்பட்டது. யார் சொல்லி வாங்கினார்கள் என்பது மட்டும் வெளிப்படவில்லை. டிசம்பர் 16-ஆம் நாள் அவை இதனைத் தனியாக விவாதித்தது. பெரோஸ் காந்தி எழுந்தார். தேதி, தொகை, விலை எனக் கணக்கை வரிசையாக அடுக்கினார். நிதியமைச்சருக்கும் அவருடைய தலைமைச் செயலாளருக்கும் இடையே நடந்த மறைவான கடிதப் போக்குவரத்தும் அவர் கையில் இருந்தது. பாராளுமன்றம் தானே படைத்த இத்துணைப் பெரிய நிதி நிறுவனத்தைப் பாராளுமன்றமே விழித்திருந்து காக்கவேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். நிதியமைச்சராக எதிரே அமர்ந்திருந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

அன்று சபாநாயகர் பீடத்தில் இருந்தவர் திருச்சானூரைச் சேர்ந்த அனந்தசயனம் ஐயங்கார். அரசியலுக்கு வருமுன் சிறிது காலம் கணித ஆசிரியராக இருந்தவர் என்பதை எங்கள் தொழிலின் பெருமைக்காக இடையிலே சொல்லிக்கொள்கிறேன்.

அரசாங்கம் விசாரணைக்கு இசைந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனியொருவராக விசாரித்தார். விசாரணையை மூடிய அறையில் நடத்தவில்லை. நிதியமைச்சரும் செயலாளரும் கார்ப்பரேஷன் அதிகாரிகளும் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சி சொன்னார்கள். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். விசாரணை முழுவதும் இருபத்துநான்கு நாட்களில் முடிந்தது! இன்று விசாரணைக் கமிஷன்கள் ஆண்டுக்கணக்கில் நீட்டிப்புப் பெறுவதைக் காணும்போது இந்த எண்ணை இருமுறை சொல்லத் தோன்றுகின்றது.

செயலாளர் தம் இசைவின்றிச் செய்துவிட்டார் என்பது அமைச்சரின் வாதம். சாக்ளா அதனை ஏற்கவில்லை. அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்று கண்டார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, செயலாளரின் செயலுக்குப் பாராளுமன்றத்தின் முன் பொறுப்பேற்க வேண்டியவர் அமைச்சரே, பழியைக் கீழே தள்ளிவிட்டு அவர் விலகி நிற்க முடியாது என்றும் உரைத்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நேரு மனமின்றியே விடை கொடுத்தார். நிதியமைச்சர் இல்லாமையால் அம்மாத இறுதியில் வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமரே படிக்க நேர்ந்தது. முந்த்ரா பின்னர்ச் சிறை சென்றார். அமைச்சர் ஒரு காசேனும் தமக்கென எடுத்தார் என்று அவ்விசாரணை சொல்லவில்லை என்பதையும் நேர்மை கருதிக் கூறவேண்டும். அவர் திறமையில் நேருவின் அமைச்சர் எவருக்கும் குறைந்தவரல்லர். அரசியலமைப்பை வரைந்த குழுவிலும் இருந்தவர்.

மக்களவை தன் கடமையைச் செய்ததற்கு ஒரு சான்று காட்டு என்று என்னைக் கேட்டால் இதனையே காட்டுவேன். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை என்பது. அரசாங்கம் தோற்கவில்லை, தோற்கும் நிலையும் இல்லை. 371 பேரின் துணை கொண்ட அரசாங்கத்தில் ஓர் அமைச்சர் மூன்று மாதக் கேள்விகளால் விலகினார். வாக்கெண்ணிக்கை மட்டுமே அவையின் வலிமை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி கொண்டுவந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அப்படித்தான். ஆதரித்தவர் 62, எதிர்த்தவர் 347. தோல்வி முன்பே தெரிந்ததுதான். எனினும் சீனப் போரில் நேர்ந்த குறைபாடுகளுக்கெல்லாம் அரசாங்கம் நான்கு நாட்கள் அவையில் உட்கார்ந்து விடை கூறியது.

முந்த்ரா விவகாரம் வெளிப்பட்டதற்குப் பல காரணங்கள் சொல்வர். நேருவின் பெருந்தன்மை என்பர் சிலர். பெரோஸ் காந்தியின் துணிவு என்பர் சிலர். இரண்டும் உண்மையே. எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. கேட்ட இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள். எதிர்க்கட்சிக்காரர் கேட்டால், "அவர் அப்படித்தான் கேட்பார்" என்று நாடு தள்ளிவிடும், அமைச்சரும் தள்ளிவிடுவார். தன் பின்வரிசையிலிருந்து எழும் குரலை அவ்வாறு தள்ள முடியாது. அரசாங்கத்தை ஆதரிப்பது வேறு, அதன் கணக்கைப் பாராமல் இருப்பது வேறு என்று அந்த உறுப்பினர்கள் கருதினார்கள். கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அவைக்குள் நுழைந்தபின் தாம் ரேபரேலி மக்களின் காவலர் என்று பெரோஸ் காந்தி நினைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவையில் பேசுவது நாட்டின் காதில் விழவேண்டும் அல்லவா? உறுப்பினர் அவைக்குள் எதையும் பேசலாம், அவர்மீது வழக்கில்லை. ஆனால் அதனை அச்சிடும் பத்திரிகைமீது வழக்குத் தொடரலாம் என்ற நிலை இருந்தது. இதனை மாற்ற, அவை நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதாவைப் பெரோஸ் காந்தி தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். அது 1956-இல் சட்டமாயிற்று. தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது அத்திப் பூத்தாற்போல் நிகழ்வது. அடுத்த ஆண்டே முந்த்ராவைப் பற்றிய பேச்சைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிட அது துணையாயிற்று.

இனி அடுத்த காலத்துக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு பல மாநிலங்களில் உறுப்பினர்கள் கட்சி தாவத் தொடங்கினர். அரியானாவில் கயா லால் என்பவர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்ற வழக்கு அவரால் வந்தது. அமைச்சர் பதவிக்காகவும் பணத்துக்காகவும் நடந்த இந்த வாணிகத்தை ஒழிக்க 1985-இல் ஐம்பத்திரண்டாம் திருத்தம் வந்தது. கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம் என்றாயிற்று. நோய் கொடியது, மருந்து வேண்டியதுதான். ஆனால் அரசாங்கம் நிலைப்பதைப் பற்றிய வாக்கெடுப்புக்கு மட்டும் இதனைப் பொருத்தாமல், மிகச் சிறிய மசோதாவின் மீது நடக்கும் வாக்கெடுப்புக்கும் பொருத்திவிட்டார்கள். வினா கேட்பதை அச்சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மை. எனினும் வாக்கு கட்சிக்குச் சொந்தம் என்றானபின் நாவும் மெல்லக் கட்சிக்குச் சொந்தமாகிவிடுகின்றது. அடுத்த தேர்தலில் இடம் கொடுக்கும் தலைமையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் எவ்வளவு கூரிய துணைவினாவைக் கேட்பார்? இத்திருத்தத்தைக் கொண்டுவந்தது பெரோஸ் காந்தியின் மகன் ராஜீவ் காந்தி தலைமையில் இருந்த அரசாங்கம். அவர் தந்தையார் 1957-இல் செய்ததை, இத்திருத்தம் ஊறிய ஓர் அவையில் எந்த மருமகனும் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவை கூடும் நாட்களும் சுருங்கின. 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாட்கள் அமர்ந்தது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாம் மக்களவை 274 நாட்கள் அமர்ந்தது. பெருந்தொற்று ஒரு காரணம்தான். ஆயினும் இச்சரிவு அதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியது. அப்பதினேழாம் அவை தன் ஆயுள் முழுவதும் துணைச் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரில் தொற்றைக் காரணம் காட்டி வினா நேரத்தையே விட்டுவிட்டார்கள். எழுத்துமூல விடைகள் மட்டும் வந்தன. துணைவினா இல்லாத விடை எத்தகையது என்பதை முன்பே சொன்னேன். 2018 மார்ச்சில், எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் "கில்லட்டின்" என்னும் முறையில் விவாதமின்றி அரைமணி நேரத்துக்குள் நிறைவேறின. அவையில் அப்போது கூச்சல். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைக் குறை கூறியது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் குறை கூறியது. நாட்டின் ஓராண்டுச் செலவைப் பற்றி ஒருவரும் ஒரு வினாவும் கேட்கவில்லை. இது எந்த ஒரு கட்சியின் குற்றமுமன்று. ஆட்சியில் வேறு கட்சிகள் இருந்த ஆண்டுகளிலும் இது நடந்திருக்கின்றது. எதிர்ப்புக் காட்டுவதற்காக வினா நேரத்தைக் கூச்சலில் ஆழ்த்தும் எதிர்க்கட்சி, தன் கையிலுள்ள மிகச்சிறந்த கருவியைத் தானே கிணற்றில் எறிகின்றது என்பதே என் கருத்து. சத்தியமூர்த்தி வைசிராயின் ஆட்களை எதிர்த்தபோதும் அதைச் செய்யவில்லை.

வினாவை விற்றவர்களும் மீண்டும் தோன்றினார்கள். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் பெற்றதற்காகப் பதினோரு உறுப்பினர்களை இரு அவைகளும் வெளியேற்றின. அவர்களுள் பதின்மர் மக்களவையினர். முட்கல் ஒருவர் இருந்த இடத்தில் பதினொருவர். ஆயினும் வாங்குவதற்கு ஆள் இருக்கும் வரை பொருளுக்கு மதிப்பு இருக்கின்றது என்று எண்ணி ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம்.

முழுவதும் குறையாகவே சொல்லிப் போவது ஆசிரியனுக்கு அழகன்று. அவையின் கண்காணிப்புப் பணி இப்போது பெரும்பகுதி குழுக்களில் நடக்கின்றது. கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921 முதல் இருக்கின்றது; 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே அதற்குத் தலைமை வகிக்கும் மரபு ஏற்பட்டது. ஒவ்வோர் அமைச்சகத்தையும் பார்க்க 1993-இல் நிலைக்குழுக்கள் அமைந்தன. அங்கே கேமரா இல்லை. ஆகவே கூச்சலும் இல்லை. வெவ்வேறு கட்சியினர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, அதிகாரிகளை வரவழைத்துக் கேட்டு, பெரும்பாலும் ஒருமனதாக அறிக்கை தருகின்றார்கள். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 1953-இல் நம் நாட்டிலேயே தோன்றிய உறுதிமொழிக் குழு. "ஆராயப்படும்", "ஆவன செய்யப்படும்", "கவனத்தில் கொள்ளப்படும்" என்று அமைச்சர் அவையில் சொல்வதையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு, "ஆயிற்றா?" என்று பின்னர்க் கேட்பதே அதன் வேலை. பள்ளிக்கூரையைச் செப்பனிட மேலிடத்துக்கு எழுதி, "ஆவன செய்யப்படும்" என்ற ஒரு வரி விடையை ஆண்டுக்கணக்கில் கோப்பில் சேர்த்துவைத்த தலைமையாசிரியர்களுக்கு இந்தக் குழுவின் அருமை தெரியும். ஆனால் குழுவின் அறிக்கை யார் காதிலும் விழுவதில்லை. முந்த்ராவைக் குறித்த வினா ஒரு குழுவின் அறைக்குள் எழுந்திருந்தால், பம்பாயில் ஒலிபெருக்கி கட்டவேண்டிய தேவை ஏற்பட்டிருக்காது.

இந்த வரலாற்றில் வந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில், தம் நாற்பத்தெட்டாம் பிறந்த நாளுக்குச் சில நாட்கள் முன்னர், மாரடைப்பால் காலமானார். கிருஷ்ணமாச்சாரி 1962-இல் அமைச்சரவைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் மீண்டும் நிதியமைச்சரானார். பத்திரிகைகளைக் காத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை, நெருக்கடி நிலைக் காலத்தில் இந்திரா காந்தியின் அரசாங்கம் நீக்கியது. வினா நேரமும் 1975 ஜூலைக் கூட்டத்தொடரில் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தலுக்குப் பின் வந்த ஜனதா அரசாங்கம் 1977-இல் அச்சட்டத்தை மீண்டும் இயற்றியது.

செயலாளர் எச். எம். படேல் அரசுப் பணியை விட்டு விலகி, குஜராத்தில் வல்லப வித்யாநகருக்குச் சென்று, கல்விச்சாலைகளை வளர்க்கும் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டிருந்தார். பின்னர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977 மார்ச்சில் ஜனதா அரசாங்கம் அமைந்தபோது நிதித்துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு முன் எந்த அவையில் தம் பெயர் வினாப் பொருளாயிற்றோ, அந்த அவையில் வினா நேரத்தின்போது ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷனுக்கும் சேர்த்து எழுந்து விடை சொல்லும் பொறுப்பு அவருடையதாயிற்று.